வளவும் கிட்டங்கியும் லயமும்: செட்டிநாட்டு மாளிகைகளின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

தமிழகத்தின் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில், காரைக்குடியை நடுவாகக் கொண்டு பரந்து கிடக்கும் நிலப்பகுதி செட்டிநாடு எனப்படும். வற்றாத ஆறு பாயாத செம்மண் பூமி அது. வானம் பொழிந்தால் விளைவும், பொய்த்தால் வறட்சியுமே அதன் இயல்பு. அத்தகைய நிலத்திற் கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி, இராயவரம் முதலிய ஊர்களில், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் மாளிகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், பெல்ஜியக் கண்ணாடியும் நிறைந்த இவ்வீடுகளுள் முற்பட்டவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும், பிற்பட்டவை 1940களை ஒட்டியும் எழுந்தவை.

விளைவு குன்றிய ஒரு நிலத்தில் இத்துணைச் செல்வம் எவ்வாறு குவிந்தது? இவ்வினாவை எழுப்பாது அம்மாளிகைகளின் அழகை மட்டும் வியந்து செல்வோமாயின், அவற்றின் வரலாற்றிற் பாதியை இழந்தவராவோம். விடையின் ஒரு பகுதி கடலுக்கு இப்பால், நம் மலைநாட்டிலே கிடக்கின்றது. நாவலப்பிட்டியைப் பிறப்பிடமாகக் கொண்ட மாணவன் ஒருவன் செட்டிநாட்டுக் கட்டடக் கலையைப் பற்றி எழுதப் புகுந்ததற்குரிய நியாயமும் அதுவே. வளவு, கிட்டங்கி, லயம் என்னும் மூவகைக் கட்டடங்களும் ஒரே பொருளாதார வரலாற்றின் மூன்று முகங்கள் என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடும் நகரத்தாரும்

செட்டிநாட்டு மாளிகைகளைக் கட்டியோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார் என வழங்கும் நகரத்தார் குலத்தவர். காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்த தம் முன்னோர் பின்னர் பாண்டிநாட்டிற் குடியேறினர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது ஊர்களின் கோயில்கள் அவர்களுடைய குலப்பிரிவுகளுக்கு அடிப்படையாக உள்ளன. நகரத்தார் ஊர்கள் தொண்ணூற்றாறு என மரபு கூறும். இன்று எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களே அப்பெயருக்கு உரியன.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இவர்கள் உப்பு, நெல், பருத்தி முதலிய பண்டங்களை உள்நாட்டில் விற்று வந்த வணிகர். பிரித்தானிய ஆட்சி வேரூன்றியபோது அவர்தம் வாணிகம் திசை மாறியது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததும் இலங்கை முழுவதும் பிரித்தானியர் கைக்கு வந்தது. 1852இல் கீழ்ப் பர்மா அவர்கள் வசமாயிற்று. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தையும் அணித்தாயிற்று. கோப்பிக்கும், நெல்லுக்கும், பின்னர் இறப்பருக்கும் காடு வெட்டப்பட்ட இடமெல்லாம் முதல் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகளோ ஐரோப்பியருக்கே கடன் கொடுத்தன. சிறு கடைக்காரனுக்கும், நிலமுடைய உள்நாட்டவனுக்கும் கடன் கொடுக்க ஒருவர் வேண்டியிருந்தது. அவ்விடைவெளியை நிரப்பியவர் நகரத்தார். கொழும்பு, றங்கூன், மோல்மீன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் எனத் தென்னாசிய, தென்கிழக்காசியத் துறைமுகங்கள் எங்கும் அவர்தம் தொழில் பரந்தது.

வீட்டின் அமைப்பு

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தோர்க்குச் செட்டிநாட்டு வீட்டின் அடிப்படை புதுமையன்று. நடுவே வானம் பார்த்த முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். கண்டிப் பிரதானிகளின் வளவ்வைகளிலும் 'மெதமிதுல' எனப்படும் நடுமுற்றத்தைக் காணலாம். 'வளவு' என்னும் சொல் யாழ்ப்பாணத்தில் வீடு நிற்கும் நிலத்தைக் குறிக்க, செட்டிநாட்டில் முற்றத்தோடு கூடிய வீட்டுப்பகுதியைக் குறிக்கின்றது. சிங்களத்து 'வளவ்வ' பிரதானியின் இல்லத்தைக் குறிக்கின்றது. ஒலியாலும் பொருளாலும் நெருங்கிய இச்சொற்கள் கடலின் இருகரையிலும் வழங்குவது சிந்திக்கத்தக்கது.

ஆயினும் செட்டிநாட்டு வீட்டை ஏனையவற்றினின்றும் பிரித்துக் காட்டுவது அதன் நீளமும், ஒரே அச்சில் அமைந்த அதன் ஒழுங்குமாகும். தெருவிலிருந்து படியேறினால் இருமருங்கும் திண்ணையுடன் கூடிய முகப்பு. ஆடவர் அமர்ந்து வரவு செலவு பேசிய இடம் அது. அதனைக் கடந்தால் செதுக்கு வேலை நிறைந்த நிலைக்கதவு. கதவின் மேல் யானைகள் நீராட்டும் இலக்குமியின் உருவம். உள்ளே முதற்கட்டாகிய வளவு. திருமணமும், அறுபதாம் ஆண்டு நிறைவும், இறப்புச் சடங்கும் நிகழ்வது இம்முற்றத்திலேயே. அதற்கும் அப்பால் இரண்டாங்கட்டு பெண்டிர்க்கும் உணவுக்கும் உரியது. மூன்றாங்கட்டு அடுப்படிக்கும் களஞ்சியத்துக்கும் உரியது. முன்வாயிலில் நின்று நோக்குவார்க்கு முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து, கடைசியிற் பின்வாயிலின் வெளிச்சம் ஒரு சிறு கட்டமாகத் தோன்றும்.

இவ்வமைப்பு குடும்ப முறையோடு பிணைந்தது. மணமான மகன் ஒவ்வொருவனும் தன் மனைவியோடு ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிடப்படுவான். வளவைச் சுற்றியுள்ள அறைகள் இப்புள்ளிகளுக்குப் பங்கிடப்படும். மணமான சில காலத்தின்பின் மகனை 'வேறு வைத்தல்' மரபு. அதன்பின் அவனுக்குத் தனி அடுப்பும் தனி வரவுசெலவும் உண்டு. எனினும் கூரை ஒன்றே, முற்றம் ஒன்றே. கூட்டுக்குடும்பத்தின் பாதுகாப்பையும் தனிக்குடும்பத்தின் கணக்கையும் ஒரே கூரையின் கீழ் அமைத்த திறமை இவ்வீடுகளில் வெளிப்படுகின்றது. வணிகக் குலத்தவர்க்கு இது மிகப் பொருந்திய ஏற்பாடு எனலாம். கணவன் ஆண்டுக்கணக்கிற் கடல் கடந்து சென்றபோது, மனைவியும் மக்களும் தம் புள்ளிக்குரிய அறையோடும் அடுப்போடும், ஆனால் உறவினர் நடுவிலே வாழ்ந்தனர்.

நீரைப் பேணிய முறையும் போற்றத்தக்கது. ஓட்டுக் கூரைகள் யாவும் முற்றத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். மழைநீர் முற்றத்தில் விழுந்து அண்டாக்களிற் சேமிக்கப்படும். எஞ்சியது வடிகால் வழியே தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் செல்லும். கிழக்கு மேற்காக நேரே வகுக்கப்பட்ட தெருக்களும், வடிகாலும், ஊருணியும், கோயிற் குளமும் ஒரே திட்டத்தின் உறுப்புக்களாக அமைந்தன. ஆறில்லாத நாட்டில் ஒரு துளி நீரும் வீணாகலாகாது என்ற விழிப்பு ஊரமைப்பு முழுவதிலும் பதிந்துள்ளது.

பொருளும் கைவினையும்

இம்மாளிகைகளிற் பயன்பட்ட பொருள்களின் பெயர்ப்பட்டியலே ஒரு வாணிபப் படமாகும். தேக்கு பர்மாவினின்றும் வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்து, மெருகிட்ட சுவரோடுகள் யப்பானிலிருந்து, இரும்புத் தூண்களும் கம்பிகளும் இங்கிலாந்திலிருந்து, நிலைக்கண்ணாடிகள் பெல்ஜியத்திலிருந்து வந்தன. ஆனால் வந்த பொருள்களைக் கொண்டு வீடாக்கியவை தமிழ்க் கைகளே. கல்தச்சரும், மரத்தச்சரும், சுதை வேலை செய்வோரும் கோயில்களிற் பயின்ற கலையை மனைகளுக்கு மாற்றினர். கோயில் மண்டபத் தூணின் போதிகை வீட்டுத் தாழ்வாரத்தில் இடம்பெற்றது. கோபுரத்துச் சுதையுருவம் வீட்டு முகப்பின் மேல் ஏறியது. அங்கே தெய்வ உருவங்களுக்கு அருகில் தொப்பியணிந்த ஐரோப்பியரின் உருவங்களும் நிற்கக் காணலாம். ஆட்சியாளர் யாவர், வாணிகம் யாருடைய கொடியின் கீழ் நடந்தது என்பவற்றை அச்சுதையுருவங்கள் சொல்லாமற் சொல்லும்.

செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சு தனிப்புகழ் வாய்ந்தது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் கலந்து, அடுக்கடுக்காகப் பூசி, இறுதிப் பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். அவ்வாறு பூசிய சுவர் நூறாண்டு கடந்தும் கை வைத்தாற் குளிர்ச்சியாகவும், பார்த்தாற் சலவைக்கல் போலவும் விளங்குகின்றது. ஆத்தங்குடித் தரையோடும் இத்தகையதே. கண்ணாடித் தட்டின்மேல் அச்சுச்சட்டத்தை வைத்து, வண்ணக் குழம்பை வார்த்து, அதன்மேல் மணலும் சீமெந்தும் இட்டு அமுக்கி, நீரில் ஊறவைத்து உலர்த்துவர். சூளை நெருப்பு இதற்கு வேண்டுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் முகத்திற் பதிந்துவிடுகின்றது.

கால அடைவில் நோக்கின், முற்பட்ட வீடுகள் ஓட்டுக்கூரையும் ஒற்றைத் தளமும் கொண்டு எளிமையாய் நிற்கின்றன. நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் முகப்பு மண்டபம் பெருகுகின்றது, மாடி எழுகின்றது, ஐரோப்பிய வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளும் சேர்கின்றன. 1920களுக்குப் பின் எழுந்தவற்றில் அக்கால மேலைநாட்டு நவீன பாணியின் நேர்கோடுகளும் தலைகாட்டுகின்றன. முகப்புத்தான் இவ்வாறு காலந்தோறும் மாறியது. உள்ளேயிருந்த வளவும் கட்டுக்களும் மாறவில்லை. வெளியுலகுக்குக் காட்டிய முகம் ஒன்று, குலமரபு பேணிய அகம் ஒன்று என இரண்டையும் அவ்வீடுகள் தாங்கின.

கிட்டங்கி

இனி அச்செல்வம் வந்த வழியை நோக்குவோம். நகரத்தார் வெளிநாடுகளில் வாழ்ந்த இடம் மாளிகையன்று, கிட்டங்கி. நீண்ட கூடம் ஒன்றைப் பல நிறுவனங்கள் பங்கிட்டுக் கொள்ளும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பாய் விரிப்பு, தாழ்ந்த எழுத்துப்பெட்டி, கணக்கேடுகள், இரும்புப் பெட்டகம். பகலில் அவ்விடமே தொழிலகம். இரவில் அதுவே படுக்கை. சமையல் பொதுவானது. முதலாளி ஊரிலிருக்க, முகவர் மூவாண்டுத் தவணைக்கு வந்து தொழில் நடத்தி, கணக்கு ஒப்புவித்துத் திரும்புவார். குடும்பத்தை அழைத்து வருதல் பொதுவாக வழக்கமன்று. நிறுவனங்கள் முன்னோரின் பெயர் முதலெழுத்துக்களாலான 'விலாசம்' கொண்டு அறியப்பட்டன. இலாபத்தில் ஒரு பகுதி 'மகமை'யாகக் கோயிலுக்கும் அறத்துக்கும் ஒதுக்கப்பட்டது.

கொழும்பில் இக்கிட்டங்கிகள் செறிந்திருந்த வீதி இன்றும் செட்டியார் தெரு என்றே தமிழர் நாவில் வழங்குகின்றது. அங்குள்ள பழைய, புதிய கதிரேசன் கோயில்களும், ஆடிவேல் விழாவும் நகரத்தாரின் வழிவந்தவை. கதிர்காமத்து முருகனே கதிரேசன். நாவலப்பிட்டியில் எம் இளையோர் கற்கும் கல்லூரியும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு அரிசியும் துணியும் இறக்குமதி செய்த வாணிகத்தில் நகரத்தாருக்குப் பெரும்பங்கு உண்டு. பிரித்தானிய வங்கிகளிடம் 'சராப்பு' எனப்படும் வங்கித் தரகர் வாயிலாகக் கடன் பெற்று, அதனை மேல்வட்டிக்கு உள்நாட்டு வணிகர்க்கும் நிலவுடைமையாளர்க்கும் கொடுத்தனர். இவ்விடைநிலைதான் அவர்தம் வலிமையும் அபாயமுமாகும். மேலே வங்கி கையை மூடினால், கீழே கொடுத்த கடனை ஒரு நாளில் மீட்க முடியாது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது இலங்கை முழுவதும் நெருக்கடி பரவியமை, கடன் என்னும் நூலிழையிலேயே அக்காலப் பெருந்தோட்டப் பொருளாதாரம் தொங்கியது என்பதற்குச் சான்றாகும்.

நாவலப்பிட்டியும் லயமும்

மகாவலிக் கரையிலுள்ள நாவலப்பிட்டி ஒரு நகரமாக எழுந்தது புகையிரதத்தின் வருகையாலேயே. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் வந்த இருப்புப்பாதை, பேராதனையிற் கிளைபிரிந்து கம்பளை வழியாக 1874இல் நாவலப்பிட்டியை அடைந்தது. அதற்கு மேல் ஹற்றனுக்கும் நானுஓயாவுக்கும் பாதை செல்ல மேலும் பத்தாண்டுகள் ஆயின. அப்பத்தாண்டுகளிலும் நாவலப்பிட்டியே பாதையின் முடிவிடம். திம்புலை, டிக்கோயா, மஸ்கெலியாத் தோட்டங்களின் கோப்பி இங்கே வண்டியேறிற்று; அத்தோட்டங்களுக்குரிய அரிசி இங்கே இறங்கி மாட்டு வண்டிகளில் மலையேறிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. பயிர் மாறினும் பாதை மாறவில்லை. அரிசி மூட்டையும் கடன் சீட்டும் வந்த வழியும் மாறவில்லை.

அவ்வரிசியை உண்டோர் யாவர்? திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம், தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த தொழிலாளர். செட்டிநாடு அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்திலும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலும் அடங்கியிருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒரே வறண்ட மண் வணிகனையும் அனுப்பியது, கூலியாளையும் அனுப்பியது. இருவரும் கடந்தது ஒரே பாக்குநீரிணை. ஒருவர் கையிற் கணக்கேடும் மற்றவர் தலையிற் கடனும் இருந்தன என்பதே வேற்றுமை.

தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த உறைவிடம் லயம். கல்லாலோ மண்ணாலோ எழுப்பிய நீண்ட ஒற்றைக் கட்டடம். மேலே தகரக் கூரை. உள்ளே பொதுவாக 10 அடிக்கு 12 அடி அளவான அறைகள். அறையைக் 'காம்பிரா' என்றும், முன்புறத்து ஒடுங்கிய தாழ்வாரத்தை 'இஸ்தோப்பு' என்றும் எம்மக்கள் அழைப்பர். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா. இரட்டை லயமாயின் இரு வரிசை அறைகளும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின்புறச் சாளரத்துக்கு இடமில்லை. மகன் மணம் முடித்தால் அதே அறையிற் சேலையொன்று திரையாகும். நீர் எடுப்பது வெளியிலுள்ள பீலியில்.

செட்டிநாட்டு வீட்டோடு இதனை ஒப்புநோக்குவோம். இரண்டிலும் அறைகள் வரிசையாக உள்ளன. இரண்டிலும் ஒரு கூரையின் கீழ்ப் பல அடுப்புகள் எரிகின்றன. ஆனால் அங்கே புள்ளிக்கு ஓர் அறை என்பது உரிமைப்பங்கு. இங்கே குடும்பத்துக்கு ஒரு காம்பிரா என்பது வேலை இருக்கும்வரை தங்கும் அனுமதி. அங்கே அறைகள் முற்றத்தை நோக்கித் திறந்து உறவினரை ஒன்றுசேர்த்தன. இங்கே அவை வெளியை நோக்கித் திறந்து, விடியற்காலைப் பெரட்டுக்கு ஆட்களை விரைவில் எண்ணி எடுக்க வசதி செய்தன. இங்ஙனம் முன்னையது குடும்பத்தின் தொடர்ச்சியைக் கருதிய கட்டடமாகவும், பின்னையது உழைப்பின் ஒழுங்கைக் கருதிய கட்டடமாகவும் அமைந்தன.

தொழிலாளரைக் கட்டிவைத்த முதன்மையான கருவி கடனே. வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் பெயரிற் கணக்காகி, அவன் வாயிலாகத் தொழிலாளியின் தலையில் விழுந்தன. அக்கடனைத் தீர்ப்பதாக ஒப்பும் தோட்டத்துக்குத் தொழிலாளரை மாற்றிக் கொடுத்த 'துண்டு' முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்ட முன்பணம் போதாதபோது கங்காணிமார் சிலர் செட்டியாரிடமும் கடன் பெற்றனர். மலைநாட்டு நகரங்களின் சில்லறைக் கடைகளும் கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து தவணைக்குச் சரக்கெடுத்தன.

எனவே, கானாடுகாத்தானில் நிற்கும் ஒரு தேக்குத் தூணுக்கும் எம்மலையின் ஒரு காம்பிராவுக்கும் இடையே நீண்ட, ஆனால் அறுபடாத ஒரு கணக்குத் தொடர் உண்டு. இத்தூண் இந்த ஊரின் வட்டியால் எழுந்தது எனப் பிரித்துக்காட்டுதல் கூடாது. பர்மாவின் நெல்லும், மலாயாவின் இறப்பரும், இலங்கையின் கோப்பியும் தேயிலையும் ஒரே விலாசத்தின் பேரேட்டிற் கலந்தன. அவ்வாறு கலந்தமையாலேயே எவ்வூரையும் அக்கணக்கினின்றும் நீக்கிவிட முடியாதென்பது எம் கருத்து.

நியாயமான மதிப்பீடு

இவ்வாறு கூறுவதால் நகரத்தாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாகக் கொள்ளலாகாது. பிற நாடுகளிலும் இத்தகைய ஆய்வு நிகழ்ந்துள்ளது. இங்கிலாந்தின் யோக்ஷயரிலுள்ள ஹெயர்வுட் மாளிகை, மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பிலும் அடிமை உழைப்பிலும் ஈட்டிய செல்வத்தால் எழுந்தது என்பதை இன்று யாரும் மறைப்பதில்லை. அந்நாட்டின் தேசிய நம்பிக்கை நிறுவனம், தன் பொறுப்பிலுள்ள மாளிகைகளுக்கும் குடியேற்ற ஆட்சிக்கும் அடிமை முறைக்கும் இருந்த தொடர்புகளைத் தொகுத்து 2020இல் அறிக்கையொன்றை வெளியிட்டது. அம்மாளிகைகளை இடிக்க வேண்டும் என்பது அதன் பொருளன்று. முழு வரலாற்றையும் அறிந்து பேண வேண்டும் என்பதே.

செட்டிநாட்டின் நிலை அதனினும் சிக்கலானது. தோட்டங்களை ஆண்டவர் பெரும்பாலும் ஐரோப்பியர். லயத்தை வகுத்தவரும் அவரே. கடன் மீளாதபோது சில நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன எனினும், ஆட்சியும் சட்டமும் அவர்கள் கையில் இருந்ததில்லை. அவர்களும் குடியேற்ற ஆட்சியின் குடிகளே. ஈட்டிய பொருளிற் பெரும்பகுதியைக் கோயிற் றிருப்பணிக்கும் கல்விக்கும் ஈந்தனர் என்பதும் மறுக்கவொண்ணாதது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழக் காரணமான அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தான் மாளிகைக்குரியவர். ஆயினும் வட்டி கொடுத்தவன் பக்கமும் வரலாறு உண்டு. கீழ்ப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் 6 வீத நிலம் செட்டியாருக்குரியதாய் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின் பின் 1937இல் அது 25 வீதமாயிற்று. அவர்கள் விரும்பியது நிலத்தையன்று, பணத்தையே எனினும், நிலமிழந்த பர்மிய உழவன் அவ்வேறுபாட்டை உணர்ந்திருப்பான் எனக் கொள்ள முடியாது.

வீழ்ச்சி

செட்டிநாட்டின் மாளிகைகள் எழுந்த வேகத்திலேயே அவற்றைத் தாங்கிய பொருளாதாரமும் சரிந்தது. இலங்கையில் 1925இற் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்ததும் பிரித்தானிய வங்கிகள் கடன் வசதியைச் சுருக்கின. 1934இல் வங்கி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1939இல் இலங்கை வங்கி தொடங்கிற்று. செட்டியார் நிரப்பிய இடைவெளி நிறுவன வங்கிகளால் நிரப்பப்படலாயிற்று. நகரத்தாருள்ளும் இம்மாற்றத்தை உணர்ந்தோர் இருந்தனர். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, றங்கூன் ஆகிய மூவிடங்களிலும் ஒரே நாளிற் கிளை திறந்தது.

1942இல் யப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது பல்லாயிரம் இந்தியர் கால்நடையாகத் தாயகம் திரும்பினர். 1948இற் பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டம் எஞ்சிய நம்பிக்கையையும் குலைத்தது. அதே 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றோராக்கிற்று. வணிகர் தொழிலைச் சுருக்கித் திரும்பினர். தொழிலாளர்க்குத் திரும்ப ஊரும் இல்லை, தங்க உரிமையும் இல்லை. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974இலேயே முடிவாயிற்று. இலங்கையிற் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் முடிவு கண்டது. தாயகம் அனுப்பப்பட்டோருட் பலர் மூதாதையர் விட்டகன்ற அதே திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டங்களிற் சென்று இறங்கினர். பூட்டிக் கிடந்த மாளிகைகளின் அயலில், குடிசைக்கு இடந்தேடி அவர்கள் நின்றமை வரலாற்றின் முரண் எனலாம்.

பேணலும் பதிவும்

இன்று செட்டிநாட்டின் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. புள்ளிக்கு ஓர் அறை என்னும் பங்கு முறையே அவற்றின் பாதுகாப்புக்குத் தடையாகிவிட்டது. மூன்று நான்கு தலைமுறைக்குப் பின் ஒரு வீட்டுக்குப் பலர் உரியவராகின்றனர். பழுது பார்க்கவோ விற்கவோ அனைவரும் ஒருப்பட வேண்டும். ஒருப்படாத வீடு மழையில் நனைகின்றது. விற்க ஒருப்பட்ட வீடோ பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளுக்குச் செல்கின்றன. சில விடுதிகளாக மாறி உயிர் பிழைத்துள்ளன. 2014இற் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றமை வரவேற்கத்தக்கதே.

லயங்களின் நிலை வேறு. அவற்றிற் பல இன்னும் மக்கள் வாழும் இடங்கள். அவை ஒழிந்து, ஒவ்வொரு குடும்பமும் சொந்த நிலத்திற் சொந்த வீடு பெறவேண்டும் என்பதே நியாயமான அவா. மரபுரிமை என்னும் பெயரால் எவரையும் காம்பிராவில் அடைத்து வைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒரு கட்டடம் ஒழியுமுன் அதன் அளவும் அமைப்பும் பதிவு பெறாவிடின், அங்கு வாழ்ந்தோரின் வரலாறு வெறுஞ்சொல்லாகிவிடும். கம்பளைப் பகுதியின் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் அமைக்கப்பட்ட தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இவ்வகையில் நல்ல தொடக்கம். அது ஒன்றே போதாது.

செட்டிநாட்டு வீடுகளின் ஒவ்வொரு தூணையும் அளந்து படமாக்க ஆய்வாளர் பலர் உளர். லயத்தை அளக்க யார் உளர்? நாவலப்பிட்டி, ஹற்றன், கம்பளைப் பகுதிகளிலிருந்து இப்பல்கலைக்கழகத்துக்கு வரும் கலைப்பீட மாணவர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். விடுமுறையில் ஒருவர் ஒரு லயத்தை அளந்து, கட்டிய பொருளைக் குறித்து, காம்பிரா, இஸ்தோப்பு, பீலி, பெரட்டு முதலிய சொற்களை முதியோர் வாயிற் கேட்டு எழுதிவருவாராயின், சில ஆண்டுகளில் எவ்வாவணக் காப்பகத்திலும் இல்லாத ஒரு தொகுப்பு நம்மிடம் சேரும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அளவுநாடாவும் குறிப்பேடும் பொறுமையும் போதும்.

செட்டிநாட்டு மாளிகைகளின் அழகு தமிழர் அனைவர்க்கும் பெருமை தருவது. அப்பெருமையில் மலைநாட்டாருக்கும் பங்குண்டு என்பதை உணர்த்த, லயத்தின் அளவுப்படமும் வளவின் அளவுப்படமும் ஒரு நூலின் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெற வேண்டும். அந்நூல் இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதும் கடமை நம் தலைமுறையைச் சார்ந்தது.